மறைந்த பாடகிக்கு ஒரு நிமிட மௌனம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு ஹிட் பாட்டு கொடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டை நான் எழுதவில்லை. மெட்டுப் போடவில்லை. பாடவும் இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் பேசினேன். வினை வந்தது அந்தப் பேச்சால்தான். பாட்டின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பொறியியல் படிப்பை முடித்துவிட்டு (முடித்துவிட்டேன் என்பது என் தரப்பு வாதம், இரண்டு பேப்பர் பாக்கி என்பது கல்லூரியின் தரப்பு) சின்னமனூரில் அப்பாவின் உரக்கடை மாடியில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஸ்டூடியோ என்றால் ஒரு லேப்டாப், ஒரு மைக், சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. கூடவே கீழேயிருந்து பூச்சிமருந்து வாடையும் வந்தது. உலகத்தரமான இசை இப்படிப்பட்ட இடத்தில்தான் பிறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஒரு மேடைப் பெயரும் இருந்தது. எம்.சி. முல்லை.

"முல்லையா? என்னலே, பொம்பளப்பிள்ளை பேரா வச்சிருக்க?" என்றார் அப்பா.

"ஆத்துப் பேருப்பா. முல்லையாறு."

"ஆறு ஓடி இங்கன ரெண்டு போகம் நெல்லு வெளையுது. நீ ஓடி என்னா வெளைஞ்சுச்சு?"

கலைஞனுக்கு வீட்டில் மரியாதை கிடைக்காது என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதால் மாடியேறிப் போய் மைக்கைத் துடைத்தேன்.

கம்பத்தில் பாண்டி அண்ணன் என்று ஒருவர் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எதுவானாலும் அவர் குழாய்தான் கத்தும். எல்லாம் பென் டிரைவுக்கு மாறிவிட்டதால் பழைய கேசட்டுகளை மூட்டை கட்டிக் குப்பைக்குப் போட வைத்திருந்தார். பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் மேல் புது தாளத்தைப் போட்டு, புதுப் பாட்டு என்று விடுவது நகரத்துப் பையன்களிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயம். மூட்டையைக் கிளறினேன். பெயர் எழுதிய தாள் கிழிந்துபோன ஒரு கேசட் கிடைத்தது. போட்டுப் பார்த்தால் ஆர்மோனியம். பிறகு ஒரு பெண் குரல்.

"போதும் மாமா போதும்… இந்த வீடு தாங்காது மாமா…"

அவ்வளவுதான். பன்னிரண்டு வினாடியில் நாடா அறுந்து போயிருந்தது.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வினாடி என்னைப் பிடித்துக்கொண்டது. வெட்டினேன். வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டினேன். அடியில் பறையும் மின்னணு டிரம்மும் சேர்த்தேன். நடுநடுவே "ஏய்! ஏய்!" என்று நான்கு முறை நானே கத்தினேன். என் சொந்தப் படைப்பு என்றால் அந்த நான்கு ஏய்தான்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. காமயகவுண்டன்பட்டி டவுன்பஸ்ஸில் போட்டார்கள். திராட்சை வண்டிகளில் போட்டார்கள். குமுளி மேலே ஏறுகிற ஏலத்தோட்ட ஜீப்புகளில் போய், மலையாள டிரைவர்களும் "போதும் மாமா" பாட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளங்கையை நீட்டிப் 'போதும்' என்று ஆட்டும் ஒரு நடன அசைவு தேனி மாவட்டம் முழுக்கப் பரவியது. குச்சனூர் கோயில் வாசலில் ஒருத்தர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். சனீஸ்வரன் சன்னிதியில் கிடைத்த புகழ் என்ன செய்யும் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஒரு யூடியூப் சேனல்காரர் பேட்டி எடுக்க வந்தார். "இந்தப் பாட்டோட வரலாறு என்ன சார்?" என்று கேட்டார்.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். நான்கே எழுத்து. ஆனால் என்னை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

"இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின காதல் பாட்டுங்க," என்று ஆரம்பித்தேன். "மேகமலை அடிவாரத்துல ஒரு பொண்ணு. அவளோட மாமன் மகன் தினமும் மலையிலேருந்து பூப் பறிச்சுட்டு வந்து கொட்டுறான். வீடே பூவால நெறைஞ்சு போச்சு. அதான் அவ பாடுறா, போதும் மாமா, வீடு தாங்காது மாமான்னு."

(நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டில் ஆர்மோனியம் எப்படி வந்தது, கேசட் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.)

"பாடுனவங்க?"

"அந்தத் தாய் இன்னைக்கு நம்மோட இல்லை," என்றேன். குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் வைத்தேன். அன்று மாலையே பாட்டின் வீடியோ தொடக்கத்தில் எரிகிற குத்துவிளக்குப் படத்தைப் போட்டு, 'மறைந்த பெயர் தெரியாத நாட்டுப்புறப் பாடகிக்கு அஞ்சலி' என்று எழுதினேன். நானே எழுதியதை நானே படித்து என் கண்ணும் கலங்கியது.

அந்த நேரத்தில்தான் உத்தமபாளையத்தில் சமுதாய வளைகாப்பு வைத்தார்கள். சுற்றுவட்டாரக் கர்ப்பிணிப் பெண்களை எல்லாம் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து, வளையல் போட்டு, சந்தனம் பூசி, கலவைச் சோறு போடுகிற விழா. ஏற்பாடு செய்த அம்மா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க வந்து உங்க பாட்டப் போட்டீகன்னா பிள்ளைக சந்தோசப்படும்."

"பாட்டு மட்டும் இல்லம்மா. அந்த அபூர்வப் பாட்டோட முழு வடிவத்தையும் முதல் தடவையா உங்க மேடையிலதான் வெளியிடப் போறேன்," என்றேன்.

பாண்டி அண்ணன் கேசட்டைக் கழற்றி, அறுந்த நாடாவை ஒட்டிக் கொடுத்தார்.

"தம்பி, போறதுக்கு முன்னால ஒருக்கா முழுசாக் கேட்டுரு."

"இல்லண்ணே. மேடையில மக்களோட சேந்துதான் முதல் தடவை கேக்கணும். அந்த உணர்வு வேணும்."

"உணர்வா? சரி."

"நீங்க கேட்டீகளா?"

"ஒட்டு சரியா இருக்கான்னு நடுவுல கொஞ்சம் கேட்டேன். நல்ல கருத்தாத்தான் இருக்கு."

காதல் பாட்டில் ஏது கருத்து என்று அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கேசட்டையும் அவருடைய பழைய பிளேயரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா என் பாட்டைக் கேட்க வந்தது அதுதான் முதல் தடவை. "இன்னைக்கு நல்லபடியா நடந்துச்சுன்னா உன்னைய இனிமே கடையில உக்காரச் சொல்ல மாட்டேன்" என்று காலையில் வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மண்டபம் நிறைய வளையல் சத்தம். நூறு பெண்கள் இருக்கும். பின்னால் மாமியார்கள், கணவர்கள். முன் வரிசையில் ஒரு டாக்டரம்மாவும், பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று நர்சம்மாக்களும். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அடுத்து, காமயகவுண்டன்பட்டி ராஜாமணி அம்மா" என்று கூப்பிட்டபோது தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா மெதுவாக மேடையேறி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினார். நானும் பெருந்தன்மையாகக் கை தட்டினேன்.

பிறகு என் முறை. மேகமலை, மாமன் மகன், வீடு நிறையப் பூ எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்த முறை நூற்றைம்பது வருடம் இருநூறாகியிருந்தது. கடைசியில் கையைத் தூக்கினேன்.

"அந்த மறைந்த பாடகிக்காக எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

வளைகாப்பு மேடையில் அஞ்சலி. ஏழு மாதம், எட்டு மாதம் வயிற்றோடு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து எழுந்தார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பின்னாலிருந்து ஒரு மாமியார், "நல்லநாள் அதுவுமா எழவு கொட்டுறான் பாரு" என்றது மைக் வரைக்கும் கேட்டது. முன் வரிசையில் ராஜாமணி அம்மாவும் நாற்காலியைப் பிடித்து எழுந்து, தலையைக் குனிந்து நின்றார்.

ஒரு நிமிடம் முடிந்தது. பிளேயரைத் தட்டினேன்.

ஆர்மோனியம். குரல். நான் வேகத்தைக் கூட்டாத உண்மையான குரல். கண்ணை மூடிக்கொண்டேன்.

"போதும் மாமா போதும் – இந்த
வீடு தாங்காது மாமா
ஒண்ணு இடுப்புல ஒண்ணு தொட்டில்ல
மூணுக்கு எடமேது மாமா…"

கண்ணைத் திறந்தேன். பாட்டு நின்று, ஓர் ஆண் குரல் கணீரென்று வந்தது.

"தாய்மார்களே! இரண்டு குழந்தைகள் போதும். கருத்தடை ஆபரேஷன் வலிக்காது. இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பாடலைப் பாடியவர், கிராம சுகாதாரச் செவிலியர் ராஜாமணி."

நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். அது உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் மண்டபம் வெடித்தது. நூறு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மா எழுந்து, "யாரும் அப்பிடிச் சிரிக்காதீங்கம்மா, மெதுவா, மெதுவா!" என்று பதறினார். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் வளையல் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு மூணாவதாம். அவள் புருஷன் வெற்றிலைத் தட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்தவர், நிமிரவே இல்லை.

நான் பிளேயரின் வயரைப் பிடுங்கப் போனபோது ராஜாமணி அம்மா எழுந்தார்.

"ஏலே தம்பி, நிப்பாட்டாத. ரெண்டாவது சரணம் இனிமேத்தான் வரும்."

"உங்களுக்கு… எப்பிடிம்மா தெரியும்?" இந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

"பாடுனவளுக்குத் தெரியாதாக்கும்?" என்றபடி மேடையேறி வந்தார். "இப்பத்தான் எனக்கு நானே எந்திரிச்சு நின்னு அஞ்சலி செலுத்திட்டு உக்காந்தேன். முட்டிவலிக்காரிய்யா நான். நான் செத்ததுக்கு என்னையவே நிக்க வச்சுட்டியே!"

மைக்கை வாங்கினார். பிளேயரில் ஓடிய குரலோடு சேர்ந்து, அதே சுருதியில், இரண்டாவது சரணத்தைப் பாடினார்.

"பொம்பளைக்குத்தான் ஆபரேசனா?
நீயும் செஞ்சுக்கலாம் மாமா…"

பெண்கள் எல்லாரும் சேர்ந்து, "மாமா!" என்று திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். கணவன்மார்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள்.

சாப்பாட்டின்போது ராஜாமணி அம்மா பக்கத்தில் போய் நின்றேன். இலையில் தக்காளிச் சோறு. பக்கத்தில் முப்பதைத் தாண்டிய ஒருவர், அவர் மகன், மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. பன்னெண்டு செகண்டுதான் கேட்டிருந்தேன், நெசமாவே எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுத வேண்டியதுதான? ஏன்யா கொன்ன?" என்றார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவரே தொடர்ந்தார். "ஜீப்புல இந்தப் பாட்டப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போனா பெருசுக கல்லெடுத்து எறிஞ்சாக. என் மாமியா ஒரு வருசம் என்கிட்டப் பேசல. அப்பறம் அம்புட்டுப் பேரும் மறந்துட்டாக. உன் பாட்டக் கேட்டப்ப நம்ம பாட்டு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். ஆனா எலி கத்துற மாதிரி இருந்துச்சா, நாம இல்லன்னு விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத," என்று குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாட்டு ரெக்கார்டிங் அன்னைக்கு நான் அஞ்சு மாசம். மூணாவது. இந்தா, இவன்தான்."

மோர்ச் சட்டியோடு இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஊருக்கே நான் வேணாம்னு எங்கம்மா பாடுறப்ப உள்ளதான் தம்பி இருந்தேன். உங்களுக்குத்தான் பன்னெண்டு செகண்டு. நான் முழுசாக் கேட்டிருக்கேன்."

ராஜாமணி அம்மா வைத்த நிபந்தனை இரண்டுதான். 'மறைந்த' என்பதை எடுக்க வேண்டும், அவர் பெயரை முதலில் போட வேண்டும். இரண்டையும் அன்றே செய்தேன். என் சொந்த யோசனையாக, வேகத்தைக் குறைத்து அவர் உண்மைக் குரலிலேயே முழுப் பாட்டையும் ஏற்றினேன். அதை நாலு பேர் கேட்டார்கள். மூன்று பேர் அவர் பிள்ளைகள். ஆனால் வளைகாப்பில் யாரோ கைப்பேசியில் எடுத்த வீடியோ, ராஜாமணி அம்மா தனக்குத் தானே அஞ்சலி செலுத்தி உட்காரும் அந்த வீடியோ, என் பாட்டைவிடப் பத்து மடங்கு ஓடியது. அதில் நான் வாயைப் பிளந்து நிற்பதும் நன்றாகத் தெரிகிறது.

திரும்பி வந்து சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா, "திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்குக் கடையத் தொறந்துரு" என்றார். திறந்தேன். பத்து வருடமாகத் திறந்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணமாகி, பெண் குழந்தைக்கு ஆறு வயது. வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா, மனைவி, மகள் மூவரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து, தலைகுனிந்து, ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். போன வாரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மழை வராது, துணி மாடியிலயே காயட்டும்" என்றேன். உடனே மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அப்பா மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை. அவர் நேராக மொட்டைமாடிக்குப் போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.