ஊரார் செடிக்குக் கிராப்

அடுத்த வீட்டுச் செடிக்குக் கிராப் வெட்டுகிற ஆசாமி எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. தொண்ணூற்றேழில், ஃப்ரீமான்ட் என்கிற அமெரிக்க ஊரில் அந்தப் பதவியை வகித்தவர் மகாதேவன். பிழைப்புக்கு சாஃப்ட்வேர். பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். செடி விற்கிற நர்சரியில் ஒரு சனிக்கிழமை இலவசமாக நடந்த இரண்டு மணி நேர வகுப்புதான் தகுதி.

நீங்கள் அவரைச் சாப்பிடத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அவரோ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசல் லாவண்டரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார், ரோஸ்மேரியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், காரிலிருந்து கத்தரியை எடுத்து வருவார், நீங்கள் வேண்டாமென்று வாயெடுப்பதற்குள் பாதிச் செடி தரையில் கிடக்கும். கேட்டால், வெட்டினால்தான் பூக்கும் என்பார். பூத்துக்கொண்டிருக்கிற செடிக்கும் இதே பதிலா? இதேதான். பாவம், தான் செய்வது உபகாரம் என்று மனதார நம்பினார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, அனந்தலக்ஷ்மி வீட்டில் விருந்து. பின்பக்க வேலியோரம் அவள் நாலு வருஷமாக வளர்த்த அரளி, நுனியெல்லாம் மொட்டு. நாலு வாரத்தில் வரலக்ஷ்மி பூஜை. இந்தத் தடவை கடைப் பூ கிடையாது, சொந்தப் பூவில்தான் அர்ச்சனை என்று இருபது பேரிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் உள்ளே அப்பளம் பொரித்து முடிப்பதற்குள் மகாதேவன் அரளியை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வெளியே வந்து பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பூஜைக்குன்னு வெச்சிருந்தேன், மாமா."

மகாதேவன் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அக்டோபரில் பிரமாதமாகத் தழைத்து வரும் என்று முனகினார். பூஜை ஆகஸ்டில். அந்த நாலு வாரமும் மௌரி அவென்யூ கடையில் அவள் தலை தெரிந்தால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பூஜையன்று காலை அவர் மனைவி ருக்மிணி கூடை கொள்ளாத அரளிப் பூவோடு வந்து இறங்கினாள். கூடவே, தலை குனிந்தபடி அவரும். இவ்வளவு பூ எங்கே கிடைத்தது என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள்.

"எங்காத்து பேக்யார்டுதான். அங்க மட்டும் இவரைக் கத்தரியோட நான் அலவ் பண்றதே இல்ல."

சிரித்துவிட்டீர்களா? சரி. ஆனால் படிக்கும்போதே, 'அரளியை ஜூலையில் வெட்டலாமா, பிப்ரவரியிலல்லவா வெட்ட வேண்டும், நான் இருந்திருந்தால் சரியாக வெட்டிக் கொடுத்திருப்பேனே' என்று உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வரும்போது தயவுசெய்து கைகளைப் பாக்கெட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.