செம்பருத்திக்கு எண்ணெய் தேய்த்த உயிரியல் வாத்தியார்

உயிரியல் வாத்தியார் வீட்டில் செடி தழைக்காது. இதை மற்ற வாத்தியார்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். திருப்புல்லாணி வீட்டில் அய்யாவும் தங்கை செல்வியும் நானும் பேசாமலே சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்தோம். (சண்டையெல்லாம் இல்லை. பேச்சைத் தொடங்குகிறவள் போய்விட்டாள், அவ்வளவுதான்.) வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்லது நடக்கட்டும் என்று உறவுக்காரர்கள் சொல்ல, சிக்கல் என்ற ஊரிலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

வாசலில் அம்மா வைத்த செம்பருத்தி நின்றது. அந்த உப்பு மண்ணில் நல்ல தண்ணீரை மிச்சம் பிடித்து ஊற்றி வளர்த்த செடி. கவனிக்க ஆளில்லாமல் இலையெல்லாம் புழுதி.

"வர்றவுக கண்ணுல மொதல்ல அதுதாண்ணே படும். தொடச்சு வையி" என்றாள் செல்வி.

ஈரத்துணியே போதும். ஆனால் நான் படித்தவன் அல்லவா? போனில் பார்த்த ஒரு வீடியோவை நம்பித் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். ஒவ்வொரு இலைக்கும் முன்னும் பின்னும், பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். செடி மின்னியது. (செல்வியைவிட நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.)

மாப்பிள்ளை முருகேசன் வேளாண்மை படித்தவர். வாசலிலேயே நின்று, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து, விரலை முகர்ந்தார்.

"எண்ணெயா? சார், நீங்க என்ன பாடம் எடுக்குறீக?"

"உயிரியல்" என்றேன்.

"மேல்பக்கம் வெயில வாங்கும், சரி. காத்துப் போற ஓட்டை அடியிலதான சார் நெறைய இருக்கு? அத அடச்சுட்டா எத வச்சு அது சமைக்கும்?"

அந்த வாரம்தான் வகுப்பில் இலையைக் குறுக்கே வெட்டினாற்போல் படம் போட்டிருந்தேன். அகலமாயிருப்பது வெளிச்சத்தைப் பிடிக்க, மெல்லிசாயிருப்பது உள்ளே வந்த காற்று எல்லாச் செல்லுக்கும் சீக்கிரம் போய்ச் சேர, நரம்புகள் தண்ணீர் கொண்டுவர, அடிப்பக்கத்து இலைத்துளைகள் காற்றை உள்ளே விட. கலர் சாக்பீஸ் வேறு.

அவர்கள் போனதும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அதற்குள் எங்கள் ஊர் வெயில் முந்திக்கொண்டது. இலைகள் வெந்து கறுத்து உதிர்ந்தன. அய்யா தினமும் காலையில் அவற்றைக் கூட்டி அள்ளினார். கடைசியில் குச்சிகள் மட்டும் நின்றபோது, விளக்குமாற்றைப் பிடித்தபடி சொன்னார்:

"ஒங்க ஆத்தாளுக்கும் கடைசில மூச்சுதாம்லே முட்டுச்சு."

திட்டியிருக்கலாம்.

செடி மறுபடி தளிர்க்கவே இல்லை. கல்யாணம் மட்டும் நடந்தது.

போன மழைக்காலத்தில் அய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது. செல்வியும் முருகேசனும் பார்க்க வந்திருந்தார்கள். நான் தைலத்தை நெஞ்சில் தேய்த்துவிட்டு, "திரும்பிப் படுங்கய்யா, முதுகுலயும் தேய்ச்சு விடுறேன்" என்றேன்.

"வேணாம்லே" என்றார், மூச்சை இழுத்துப் பிடித்து. "ஒரு பக்கமாவது தொறந்து கெடக்கட்டும்."

அம்மா போன பிறகு அவர் பேசிய முதல் கேலி அது. செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். இப்போதெல்லாம் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், நான் தைலத்தை எடுப்பதற்குள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.