தண்ணீர் இல்லாத ஐம்பது மீட்டர்

கடல் கடந்து ஒரு தீவுக்குப் போய் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதற்கு இந்தக் காலத்தில் என்னென்ன தகுதிகள் வேண்டும் என்பதைப் பொதுமக்கள் நலன் கருதி இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்க முடியாதவர்கள் மூன்று பிரதிகளில் மனு கொடுக்கவும்.

எங்கள் காலத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவனுக்கு ஏமாந்தவன் என்று பெயர். இப்போது அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். என் தம்பி மகளுக்கு அது கிடைத்ததும் வீட்டில் யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. தம்பி ஒரு தொப்பி வாங்கி வந்தான். அதன் விளிம்பு வாசல் வழியாக நுழையாததால் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். தம்பி மனைவி வெயிலுக்குப் பூச மூன்று களிம்பு வாங்கி, முதல் இரண்டைத் தம்பியின் வழுக்கையில் பூசிச் சோதித்தாள். தண்ணீர் புகாத பை ஒன்றும் வந்தது. அதற்குள் என்ன வைப்பது என்று தெரியாமல், வந்த ரசீதையே வைத்துப் பூட்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் மட்டும் சும்மா இருந்தாள். எட்டு வயதிலிருந்தே கடலாமை, கடலாமை என்று பிராணனை விட்டவள். அந்தத் தீவில் ஆமை முட்டைகளைக் காக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. முந்நூறு பேரில் இவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தீவுக்காரர்கள் கேட்டது ஒரே ஒரு வரி: "நீச்சல் தெரியுமா?" இவள் "தெரியும்" என்று எழுதினாள். அங்கே அது போதும். இங்கே அவள் படிக்கும் கல்லூரிக்குப் போதவில்லை. அரசு நீச்சல் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"பெரியப்பா, நீங்கதானே குளத்துல வேலை பாக்கறீங்க? ஏதாவது பண்ணுங்க" என்று வந்து நின்றாள்.

உண்மைதான். நகர நீச்சல் குளத்துக்கு நான் காவலாளி. இருபத்திரண்டு வருஷ வேலை. அதில் கடைசி ஒன்பது வருஷமாகக் குளத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீரை நிறுத்த உத்தரவு வந்தது, காவலை நிறுத்த வரவில்லை. எனவே காத்து வருகிறேன்.

தண்ணீர் இருந்த காலத்தில் மூன்று பேரை நான் குதித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த மூவரில் ஒருவர் எங்கள் நீச்சல் பிரிவுக் கண்காணிப்பாளர். ஆய்வுக்கு வந்தவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே நடந்து ஆழமான பக்கம் விழுந்தார். பிறகு உயிர்காப்பாளர் வேலை காலியானபோது அவரிடமே மனுக் கொடுத்தேன்.

"உமக்கு நீச்சல் தெரியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

"நீங்கதான் சார்."

"நான் அன்னைக்கு மயக்கத்துல இருந்தேன். நான் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?"

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னார். எனக்கு ஒன்றுகூட நீட்டவில்லை. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அதே கண்காணிப்பாளர் முன்னால்தான் புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம்.

"நீச்சல் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கல்குட்டையில சார். பெரியப்பாதான் கத்துக் குடுத்தாங்க."

"கல்குட்டை அங்கீகரிக்கப்பட்ட நீர்நிலையா?"

"பத்தாள் ஆழம் சார்" என்றேன்.

"ஆழத்தை யாருய்யா கேட்டா? அங்கீகாரத்தைக் கேட்டேன். அங்கீகாரம் இருக்கறது நம்ம குளத்துக்குத்தான். அதுல நீந்திக் காட்டணும்."

"அதுல தண்ணி இல்லையே சார்."

"அது என் பிரிவுல வராது. தண்ணி, குழாய்ப் பிரிவு. நான் நீச்சல் பிரிவு."

"குழாய்ப் பிரிவுல எப்போ சார் தண்ணி விடுவாங்க?"

"நீச்சலடிக்க ஆள் இருக்குன்னு என் பிரிவுலேருந்து கடிதம் போனா விடுவாங்க. தண்ணி இருந்தா நான் கடிதம் போடுவேன்."

தம்பி மகள் வாக்குவாதம் செய்யவில்லை. சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். "சார், 'விண்ணப்பதாரர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கால் தரையில் படாமல், ஐம்பது மீட்டர் செல்ல வேண்டும்'னுதான் போட்டிருக்கு. தண்ணின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "நாளைக்குக் காலையில பத்து மணி. நீச்சல் உடை கட்டாயம்" என்றார்.

வியாழக்கிழமை தேர்வு விதிப்படி நடந்தது. இறங்குமுன் குளிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தம்பி மகள் தண்ணீர் வராத குழாயின் கீழே இரண்டு நிமிஷம் நின்றாள். "தலையை நல்லா தேய்ம்மா" என்றார் கண்காணிப்பாளர். உயிர்காப்பாளர் இல்லாமல் தேர்வு நடத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. எனவே இத்தனை வருஷமாக எனக்கு மறுக்கப்பட்ட பதவியை ஒரு நாளைக்கு எனக்குக் கொடுத்து, கழுத்தில் விசிலும் மாட்டினார்கள்.

அலுவலகத்தில் கோப்பு ஏற்றும் நாலு சக்கரத் தள்ளுவண்டியைக் குளத்துக்குள் இறக்கினோம். அவள் அதன்மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்தாள். வண்டி அசையவில்லை.

"நான் தள்ளலாமா சார்?" என்று கேட்டேன்.

கண்காணிப்பாளர் யோசித்தார். "கடல்ல அலை தள்ளுதா இல்லையா? அப்ப நீர்தான்யா அலை. தள்ளும்."

தள்ளினேன். எங்கள் குளத்தின் தரை ஆழமான பக்கம் நோக்கிச் சரிந்து போகும் என்பதை, ஒன்பது வருஷம் அதைக் காவல் காத்த நானே மறந்துவிட்டேன். வண்டி என் கையை விட்டுப் பறந்தது. "பெரியப்பா!" என்று ஒரு குரல் கேட்டது, அடுத்து சுவரில் ஒரு சத்தம்.

"கால் பட்டுச்சாம்மா?" என்று மேலிருந்து கத்தினார் கண்காணிப்பாளர்.

"கால் படல சார். நெத்திதான் பட்டுது."

"நெத்தி பத்தி விதியில ஒண்ணும் இல்ல. தேர்ச்சி!"

ஐம்பது மீட்டர், பதினொரு விநாடி என்று சான்றிதழில் எழுதி முத்திரை குத்தினார். வெள்ளிக்கிழமை அது கல்லூரிக்குப் போனது. அடுத்த வாரம் நெற்றியில் பிளாஸ்திரியோடும் தலையில் அந்தத் தொப்பியோடும் தம்பி மகள் விமானம் ஏறினாள். தொப்பிக்குத் தனி இருக்கை கேட்டார்களாம்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதினொரு விநாடி தலைமை அலுவலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. தண்ணீர் இருந்தபோது இந்தக் குளத்தில் யாரும் முப்பது விநாடிக்குக் கீழே போனதில்லை. ஆகவே நீச்சல் வேகத்துக்கு இத்தனை காலம் தடையாக இருந்தது தண்ணீர்தான் என்று மேலிடம் கண்டுபிடித்தது. 'உலர் நீச்சல் திட்டம்' பிறந்தது. வெளிநாடு போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். இன்னும் நாலு குளத்தில் இருந்த தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். பெற்றோர்கள் முழங்கைக்கு உறை, நெற்றிக்குப் பஞ்சு, உலர் நீச்சலுக்கென்றே தனிக் கண்ணாடி என்று வாங்கிக் குவித்தார்கள். எனக்கு 'நிரந்தர அலை' என்று பதவி, ஒரு மேசை, முத்திரை. மேசைக்கு முன்னால் வரிசை. பிஸ்கட்டும் வரும்.

ஆறு மாதத்தில் நூற்று நாற்பது பேரைத் தள்ளினேன். பதினேழு பேர் அந்தத் தீவுக்கே போனார்கள். பிறகு தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நீங்கள் அனுப்பும் பிள்ளைகள் மிகுந்த ஒழுக்கமுள்ளவர்கள். ஆனால் கடற்கரை மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, யாராவது வந்து தள்ளும்வரை காத்திருக்கிறார்கள்.'

தம்பி மகள் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். நிலையம் அவளை இன்னும் ஒரு வருஷம் இருத்திக்கொண்டதாம். "பெரியப்பா, நேத்து ஒரு பையன் அலையில மாட்டிக்கிட்டான். நான்தான் இழுத்துட்டு வந்தேன். தயவு செஞ்சு அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் கல்குட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லிக் குடுங்க." இப்படி எழுதியிருந்தாள்.

தலைமை அலுவலகம் கூடிப் பேசியது. நம் திட்டத்தில் குறை இல்லாததால் அந்தக் கடலில்தான் குறை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. படகில் போய்க் கடலை ஆய்வு செய்ய ஆறு அதிகாரிகள் கொண்ட குழு அமைத்தார்கள். தலைவர், எங்கள் கண்காணிப்பாளர். போகிற எல்லோருக்கும் நீச்சல் சான்றிதழ் கட்டாயம் என்பது அவரே போட்ட உத்தரவு.

ஆகவே அவர் என் வரிசையில் வந்து நின்றார். மனுவில் நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். கறுப்பு மையில் போட்டு வரச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் குளத்தில் இறங்கி, வண்டியில் குப்புறப் படுத்தார். நெற்றியில் பஞ்சு, கண்ணில் கண்ணாடி. நான் தள்ளக் குனிந்தபோது, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார்.

"பெரியவரே, உமக்குத் தெரியும். எனக்கு நீச்சல் தெரியாது. படகுலேருந்து நிஜமாவே தண்ணியில விழுந்துட்டா என்ன பண்றது?"

அவர் தோள் நடுங்கியது. அன்றைக்குத் தண்ணீருக்குள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதும் அதே தோள்தான். கல்குட்டை நடந்து போகிற தூரம். ஒரு வாரம் போதும், மிதக்கவாவது கற்றுக் கொடுத்துவிடலாம். எனக்கும் அது தோன்றாமல் இல்லை.

"தண்ணி என் பிரிவுல வராது சார்" என்றேன். "நான் அலை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முறையான பதில் கிடைத்த நிம்மதியோடு தலையாட்டிவிட்டுக் கையை நீட்டி நீந்தத் தொடங்கினார். நான் விசில் ஊதித் தள்ளினேன். ஒன்பதரை விநாடி. புதிய சாதனை.

தம்பி மகளின் கடிதத்துக்கு வரவு எண் போட்டுவிட்டேன். பதில், முறைப்படி அனுப்பப்படும்.