சாக வேண்டிய பாத்தி

கனமூலையில் நான் பார்த்த மனிதர்களிலேயே விஞ்ஞானத்துக்கு அதிகக் கேடு செய்தவர் வேப்பெண்ணெய் நானாதான். அத்தனை கேட்டையும் இரக்கத்தால் செய்தார் என்பதுதான் கொடுமை. சொந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டிவரும். கடற்காற்று சரியாக அடித்தால், ஆள் வருவதற்கு முன்னமே வாசம் வந்துவிடும்.

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை வெளிநாட்டு விதை ஆராய்ச்சிக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, இலை சுருளாத கொச்சிக்காய், அதாவது மிளகாய், இனம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை ஈ பரப்பும் அந்த நோயால் ஊரே தோட்டங்களைப் பிடுங்கி எரித்திருந்தது. நானாவின் தோட்டமும் அதில்தான் போனது. பிறகு எங்களிடம் வேலைக்கு வந்தார். சோதனை எளிது. ஒரு பாத்தியில் புது இனம், பக்கத்தில் பழைய இனம். இரண்டுக்கும் மருந்து கிடையாது. பழையது சுருண்டு சாக வேண்டும், புதியது நிற்க வேண்டும். நின்றால் ஊருக்கு விதை.

பழையது சாகவில்லை! தளதளவென்று நின்றது. பார்க்க வந்த வெளிநாட்டு மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அப்படியென்றால் புது இனம் எதற்கு?" என்றார். குனிந்து ஓர் இலையை முகர்ந்தேன். வேப்பெண்ணெய்.

"நானா! இதுக்கு மருந்தடிச்சனீங்களோ?"

"சீச்சீ, மருந்தா? கொஞ்சம் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவக்காரத் தண்ணி. குளிப்பாட்டினேன் சேர், அவ்வளவுதான்."

"அது சாகவேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"சொன்னீங்க. கண்ணுக்கு முன்னுக்கு புள்ள வாடுறத எப்படி சேர் பாத்துக்கிட்டு ஈக்கிற?"

அந்தப் போகம் பாழ். அடுத்த போகமும் இப்படியானால் மேடத்தின் ஆட்கள் கைவிரித்துவிடுவார்கள், ஊருக்கு விதை வராது என்று விளக்கினேன். நானா தலையைச் சொறிந்தார்.

"அப்ப என்னை அந்தப் பக்கம் விடாதீங்க. எனக்கே என்னை நம்ப ஏலா."

அடுத்த போகம் முழுக்க, அந்தப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் துவாயால் முகத்தை மூடிக்கொண்டே நடந்தார். ஒருநாள் தண்ணீர்க் குழாயில் தடுக்கிப் புது இனத்தின் மேலேயே விழுந்தார். நான் பதறி ஓடினேன். "பயப்படாதீங்க சேர், இவள் தாங்குவாள், நல்ல இனம்" என்று மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

பழைய இனம் சுருண்டு, குறுகி, செத்தே போனது. புதியது கொத்துக் கொத்தாகக் காய்த்துச் சிவந்தது. விவசாயிகள் கூடி நின்று கைதட்டினார்கள், மேடமும் தட்டினார். நானாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், செத்த பாத்தியோரம் குந்தியிருந்தார்.

"எல்லாரும் அவளுக்குத்தான் தட்டுறாங்க சேர். இவள் சாகாட்டி அவட பெருமை யாருக்குத் தெரியும்? இவளுக்கும் ஒருக்காத் தட்டுங்க."

கூட்டமே திரும்பிப் பார்க்க, கை நோகுமட்டும் தட்டினேன். செடிக்குத்தான் தட்டுகிறேன் என்று நானா நினைத்துக்கொண்டார்.