பதினோராவது தட்டு

எதையும் பிரித்துப் போடும்போது மனிதருக்கு வருகிற தைரியம் தனி ரகம். பிரிக்கிற வரைக்கும் நாம்தான் உலகத்திலேயே பெரிய மெக்கானிக். திரும்பப் பூட்டும்போதுதான் நாம் யார் என்று தெரியவரும். எனக்கு அது தெரியவந்தது சிங்கப்பூரில், தெம்பனிஸில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில், ஓர் எலுமிச்சம்பழத்தின் முன்னிலையில்.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பேச்சு குறைவு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷமும் அவர் என்னை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "வனிதா, சாப்பிட்டீங்களா?" "வனிதா, நீங்க உட்காருங்க." மகனை 'டா' போடுவார், மகளை 'டி' போடுவார், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட 'வாடா' என்பார். எனக்கு மட்டும் மரியாதை. (பேங்க் கவுண்டரில் கிடைக்குமே, அந்த மாதிரி மரியாதை.) "மாமா, என்னை நீன்னே கூப்பிடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்றார்.

அவர் மனம்விட்டுப் பழகியது கீழே நின்ற மோட்டார் சைக்கிளோடுதான். என்னைவிட வயதில் மூத்த ஜப்பான் வண்டி. பழங்கால வண்டி என்பதால் இங்குள்ள சட்டப்படி வருஷத்தில் சில நாட்கள்தான் ரோட்டில் எடுக்கலாம். மற்ற நாட்களில் அதைத் துடைப்பார். துடைத்து முடித்தால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி துடைப்பார்.

அந்த வண்டியின் கிளட்ச் வழுக்க ஆரம்பித்த நேரம் பார்த்து, மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரையும் பார்க்காமல், "ஜமால் பாய் ரொம்ப நாளா வண்டியக் கேட்டுட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். குடுத்துடலாம்" என்றார்.

ஜமால் பாய் அவருடைய நெடுநாள் சிநேகிதர். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"நல்லதுதான். வீட்டுல துடைக்கிற துண்டாவது மிஞ்சும்" என்றார் அத்தை. என் கணவர் (சைக்கிளே இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்) தலையாட்டினார். மாமா மட்டும் ஓர் அப்பளத்தைத் துண்டு துண்டாக நொறுக்கிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, கிளட்ச்ச நான் மாட்டித் தர்றேன்" என்றேன்.

வண்டி போனால் மனிதர் ஒடுங்கிப் போவார் என்று நான் கவலைப்பட்டது உண்மை. இதை மட்டும் செய்து காட்டிவிட்டால் என்னை 'நீ' என்று கூப்பிட்டுவிடுவார் என்று ஆசைப்பட்டது அதைவிட உண்மை. அந்த வீட்டில் மாமாவைத் தவிர பைக் லைசன்ஸ் வைத்திருந்தது நான் ஒருத்திதான். லைசன்ஸ் இருந்தால் வண்டியின் வயிற்றுக்குள்ளும் கைவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் மெக்கானிக்கல் டிப்ளோமா மாமா." (படித்தது நிஜம். வேலை பார்த்தது ஏர்கான் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளும் பிரிவில்.)

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி ஓடிடுச்சுன்னா, பாய்கிட்ட இல்லன்னு சொல்லிடலாம். முடிஞ்சா பாருங்க" என்றார். அந்தப் 'பாருங்க'வை ஞாயிற்றுக்கிழமைக்குள் 'பாரு' ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கிளட்ச் என்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. வட்ட வட்டத் தட்டுகளின் அடுக்கு. சொரசொரப்பான தட்டு ஒன்று, வழவழப்பான இரும்புத் தட்டு ஒன்று, மறுபடி சொரசொரப்பு, மறுபடி இரும்பு. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்தால்தான் என்ஜினின் வேகம் சக்கரத்துக்குப் போகும். எங்கள் வண்டியில் சொரசொரப்புத் தட்டுகள் தேய்ந்திருந்தன. புதியவற்றை மாமா எப்போதோ வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பிரித்தேன். வழிகாட்டி, போனில் கிடைத்த ஒரு தாய்லாந்துக்காரரின் வீடியோ. அவர் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. அவர் பிரித்த வண்டியும் எங்கள் வண்டி இல்லை, ஏதோ சித்தப்பா மகன் முறை. இருந்தாலும் அவர் சிரித்துக்கொண்டே செய்ததால் எனக்கு நம்பிக்கை வந்தது. கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கையெல்லாம் எண்ணெய். அப்புறம் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இரும்புத் தட்டுகளை வாளியில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு, சிங்க்கில் வைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்தன. துடைத்து, தண்ணீர் வடியட்டும் என்று பாத்திரங்கள் கவிழ்க்கிற கூடையிலேயே வரிசையாக நிறுத்தி வைத்தேன். இந்த இடத்தில்தான் என் விதி எழுதப்பட்டது. எனக்கு அது தெரியாமல், குளித்துவிட்டு வந்து தூங்கினேன்.

ஞாயிறு காலை தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தை அடுப்பருகே நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். பாய் சாப்பிட வருவதால் முதல் நாளே தேக்கா மார்க்கெட் போய்க் காய்கறியெல்லாம் வாங்கி வந்திருந்தார்.

"மொத்தம் எத்தனை தட்டும்மா?"

புதியதும் பழையதுமாகச் சேர்த்து எண்ணினேன். "பத்து அத்தை."

"பத்தா? தட்டுன்னா ஒத்தப்படையிலதானே வைப்பாங்க? ஒண்ணு எங்கயாவது விட்டுட்டியா பாரு."

"அத்தை, இது நிச்சயதார்த்தம் இல்ல. கிளட்ச்."

"எதுவா இருந்தா என்ன, தட்டு தட்டுதானே லா" என்று சொல்லிவிட்டு அத்தை புளியைப் பிழிந்தார். நான் சிரித்தபடி லிஃப்டில் ஏறினேன். டிப்ளோமா படித்தவள் அல்லவா.

மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். குனிய முடியாது, கிட்டப் பார்வையும் இன்னும் தெளியவில்லை. அவ்வப்போது "எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். "சூப்பர் மாமா" என்றேன். நான் அப்படிச் சொன்ன நேரத்தில் அடுக்கின் கடைசியில் இரண்டு சொரசொரப்புத் தட்டுகள் ஒன்றை ஒன்று முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் இரும்புத் தட்டு இல்லை. வீடியோவில் இப்படி இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். வீடியோவில் இருந்தது வேறு வண்டிதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு மூடியை வைத்து முடுக்கினேன்.

ஜமால் பாய் வந்தார். அத்தையும் கீழே வந்து, ஹெட்லைட்டுக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, முன் சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். "யார் வீட்டுக்குப் போனாலும் வண்டி நல்லபடியா போகணும்ல" என்றார். நான் ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தேன். மேலே காரிடாரில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

உதைத்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் கியர் போட்டேன். கிளட்ச்சை மெல்ல விட்டேன். வண்டி நகரவில்லை. முழுக்க விட்டேன். நகரவில்லை. சரி, கிழட்டு வண்டி, கொஞ்சம் உற்சாகம் கொடுப்போம் என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். கார்பார்க் முழுக்க அதிர்ந்தது. மைனாக்கள் பறந்து போயின. எங்கோ ஒரு காரின் அலாரம் அலறியது. சாங்கியிலிருந்து விமானம் கிளம்புகிற அத்தனை சத்தத்துக்கும் நடுவில், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் அப்படியே, ஒரு சுருக்கம்கூட விழாமல் இருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓர் எலுமிச்சம்பழத்திடம் தோற்பதா என்று இன்னும் முறுக்கினேன். கருகல் நாற்றம் குப்பென்று எழுந்தது.

"ஏய் வனிதா, கைய எடு. விடு அத. இறங்கு நீ" என்று கத்தினார் மாமா.

அந்தச் சத்தத்திலும் அந்த 'நீ' மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் நான் காத்திருந்த 'நீ' இதுவல்ல. ரோட்டில் குறுக்கே வந்துவிட்டவளைத் திட்டுகிற 'நீ'. நிறுத்திவிட்டு இறங்கினேன்.

ஜமால் பாய் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். "பழம் நல்லாத்தான் இருக்கு. ஜூஸ் போடலாம்" என்றார் யாரையும் புண்படுத்தாமல். அப்புறம் மாமாவின் தோளில் கைவைத்து, "பரவால்ல, நாளைக்கு லாரி கொண்டுவந்து இப்படியே ஏத்திக்கிறேன். நான் பார்த்துக்கிறேன் லா" என்றார். மாமா துண்டை எடுத்துப் பெட்ரோல் டேங்க்கைத் துடைக்க ஆரம்பித்தார். இனி ஆயுளுக்கும் நான் 'நீங்க'தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மேலே வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நான் இலையில் என்ன விழுகிறது என்றே பார்க்கவில்லை. பாய்க்கு ரசம் ஊற்றுவதற்காக மாமா பாத்திரத்தைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பாத்திரம் இருந்த இடத்தில், மேசை சுடாமல் இருக்க, ஒரு வட்ட வளையம். இரும்பு. உள்பக்கம் சின்னச் சின்னப் பற்கள். பளபளவென்று இருந்தது.

மாமா ரசத்தை வேறு பக்கம் வைத்துவிட்டு அதை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பிரிமணை. வனிதா புதுசா வாங்கிட்டு வந்து கழுவி வச்சிருந்தா. நம்மகிட்ட இருந்ததுதான் நசுங்கிப் போச்சே" என்றார் அத்தை.

அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விஷயம் புரிந்தது. நியாயமாக அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் காலையிலயே சொன்னேன்ல, ரெட்டப்படை ஆகாதுன்னு."

மாமா சிரித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. அப்புறம் ஆபரேஷன் ஆன கண்ணைப் பொத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பாயும் சிரித்தார். சிரிக்கக் கூடாதென்று நினைத்த என் கணவர் மோரில் புரையேறி எழுந்து ஓடினார். எனக்கு மட்டும் அழுகை முட்டியது.

"பாய், கோவிச்சுக்காதீங்க. வண்டி குடுக்கறதுக்கு இல்ல" என்றார் மாமா.

"நீங்க எங்க குடுக்கப் போறீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்று பாய் ரசத்துக்குக் கையேந்தினார்.

மாமா என் பக்கம் திரும்பினார். அந்தத் தட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "அழாத. மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு கீழ போய் ரெண்டு பேரும் பார்க்கலாம். நீ அடுக்கு, நான் எண்ணுறேன்."

இந்த 'நீ' வேறு. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தைக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

கீழே போய்ப் பிரித்துப் பார்த்தால், புதுத் தட்டுகளை நான் ஒரே காலையில் கருக்கி முடித்திருந்தேன். இந்த முறை இரும்புத் தட்டுகளோடு முழு செட்டாக வரவழைத்தோம். மாமாவின் கண் தேறியதும் நான் அடுக்க, அவர் சத்தம் போட்டு எண்ண, மாட்டி முடித்தோம். வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேறோர் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அந்தப் பழைய தட்டு மட்டும் சமையலறைக்கே போய்விட்டது. இப்போதும் எங்கள் வீட்டு ரசம் அதன்மேல்தான் உட்காருகிறது.

போன மாதம் என் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்க, நாங்கள் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தோம். அத்தை எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தேட, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மாமா சொன்னார்:

"என் மருமகளக் கூப்பிடுங்க. ரசத்துக்கு அடியில இருக்கும், அவ பார்ப்பா."

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'பார்ப்பாங்க' என்று சொல்லாமல் 'பார்ப்பா' என்று அவர் சொன்னதைக் கவனித்தது அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். எழுந்து பந்தி நடக்கிற பக்கம் போனேன். வெற்றிலைத் தட்டு காரிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ரசப் பாத்திரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.