எடைக்கு மேல் அனுமதி இல்லை

"நாலு கிலோ இருநூறு" என்றார் டாக்டரம்மா, ஸ்கேன் மிஷினைப் பார்த்தபடி.

"இருக்காது. திரும்பப் போடுங்க" என்றாள் தராசு, வயிற்றில் தடவிய பசை காயுமுன்னே எழுந்து உட்கார்ந்து.

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடைபோடும் கவுண்ட்டரில் அவளுக்கு வேலை. அரைக் கிலோ கூடினாலும் விடமாட்டாள். "வீட்டுல போட்டுப் பார்த்தேம்மா, சரியா இருந்துச்சே" என்று கண்கலங்குபவர்களிடம், "மிஷின் பொய் சொல்லாது சார்" என்று சொல்லி, பெட்டியைத் திறக்கவைத்து, அவர்களுடைய உள்பனியனை ஊரே பார்க்கச் செய்வாள். அப்பேர்ப்பட்டவள்தான் இப்போது ஒரு மிஷினை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை பெருசும்மா. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாமா?"

"எனக்குச் சர்க்கரை, பிரஷர் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நானே பெத்துக்கறேன். உங்க மிஷின் என்ன, பிள்ளையைத் தூக்கியா பார்த்துச்சு?"

"தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாம் அளந்து ஒரு கணக்குப் போடுது. பத்துப் பதினஞ்சு சதவீதம் முன்னபின்ன இருக்கும்."

"பின்னன்னா குறையும்ல? குறைச்சுக்கங்க."

"முன்னன்னா கூடும்மா."

மூலையில் நின்ற கணவன் தொண்டையைச் செருமினான். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். "வேற இடத்துலயும் எடுத்துப் பார்த்துட்டு, சராசரி..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

இரண்டாவது இடத்தில் நாலரைக் கிலோ என்றார்கள்.

"இது ஓட்டை மிஷின்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாவது இடத்தில் ஸ்கேன் எடுத்தவருக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். இரண்டு கிலோ முந்நூறு என்றார். தராசு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. "புதுசா படிச்சவங்க படிச்சவங்கதான்!"

ஆனால் அங்கிருந்த டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை வளரவே இல்லையேம்மா! இன்னிக்கே அட்மிட் ஆகுங்க."

"ஐயோ டாக்டர், கொழுகொழுன்னு இருக்கு! இதோ பாருங்க, நாலு இருநூறு. இதோ, நாலரை!" எந்த ரிப்போர்ட்டுகளைக் கிழித்துப் போட நினைத்தாளோ, அதே ரிப்போர்ட்டுகளை மேஜைமேல் பரப்பி, பிள்ளைக்காக வாதாடி மீண்டு வந்தாள்.

ஆட்டோவில் வாத்தியார் வாய்க்குள் முணுமுணுத்தான். "மூணையும் கூட்டி மூணால வகுத்தா, மூணு கிலோ அறுநூத்தி அறுபத்தாறு புள்ளி ஆறு, ஆறு, ஆறு..."

"எப்ப நிறுத்துவீங்க?"

"அது நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்."

"நீங்க வேணா நில்லுங்களேன். இறங்கி."

மறுநாள் கவுண்ட்டரில் பக்கத்து சீட்டுத் தோழி ஒரு யோசனை சொன்னாள். "உன் பழைய எடை தெரியும்ல? பெட்டி வைக்கிற பெல்ட்டுல ஏறி நில்லு. கழிச்சுப் பார்த்துடுவோம்."

ஏறினாள். நம்மூர் யோசனைகளுக்கு உள்ள ஒரே குறை, மிஷினுக்கு அது யோசனை என்று தெரியாததுதான். 'கனமான பெட்டி. இருவர் சேர்ந்து தூக்கவும்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது. வரிசையில், ஒரு கிலோ கூடியதற்காகச் சற்றுமுன் அவள் திருப்பி அனுப்பிய பெரியவர் கைதட்டினார்.

"மிஷின் பொய் சொல்லாதும்மா!"

"சார், உங்களுக்குத் திறந்து ரெண்டு சட்டையை வெளிய எடுத்தாப் போதும். எனக்கு அப்படியா?" என்று பெல்ட்டிலிருந்தே கேட்டாள். குரல் லேசாக உடைந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, "கொண்டாங்க உங்க பெட்டியை. போகட்டும்" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் விட்ட முதல் கூடுதல் கிலோ அது.

அன்று மாலையே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பயம் இல்லாம இல்ல டாக்டர். ஆனா பிள்ளை எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. என்னால முடியாதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியுது. அதைத்தான் தாங்க முடியல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரி, தானா வலி வரட்டும். பிள்ளை இறங்கலைன்னாலோ, துடிப்பு குறைஞ்சாலோ, அப்புறம் என் பேச்சுதான். சம்மதமா?"

"சம்மதம். எடையை மட்டும் காரணம் காட்டக்கூடாது."

வலி வந்தது. தராசு கத்திய கத்தலில் பிரசவ அறைக்கு வெளியே நின்ற வாத்தியாருக்கு வாய்ப்பாடே மறந்துபோனது. விடிந்து வெயில் ஏறியபோது பிள்ளை பிறந்தது. ஆணா பெண்ணா என்று எல்லாத் தாயும் கேட்பாள், இவள், "எவ்வளவு?" என்றாள்.

டாக்டரம்மா எடை மிஷினைப் பார்த்தார். தையல் போடுவதற்குள் எழுந்து உட்காரப் பார்த்தவளைப் பார்த்தார். கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"மூணு நானூறு."

"பார்த்தீங்களா!" என்று அவள் போட்ட கூச்சலில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. "பொண்ணும்மா" என்று நர்ஸ் கையில் கொடுத்ததும், ஏந்தி ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். "அச்சு அசலா மூணு நானூறு. எத்தனை பெட்டி தூக்கின கை இது! இனிமேலாவது அந்த மிஷினை மாத்துங்க டாக்டர்."

"மாத்திடறேம்மா. என் தப்புதான்" என்றார் டாக்டரம்மா, ரொம்பவும் பணிவாக.

மதியம் வார்டில், பக்கத்துக் கட்டிலில் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "மிஷின் ஆயிரம் சொல்லும். நீ அசையாதே. என்னைப் பாரு, நான் சொன்னது ஒரு கிராம் தப்பலை!"

அப்போது படுக்கை விரிப்பு மாற்ற வந்த அம்மாள், வாசலிலேயே நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நாலு கிலோ நானூறு பிள்ளையை ஆபரேஷன் இல்லாம பெத்த மகராசி இதுல யாரும்மா? டாக்டரம்மா காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி பூரா சொல்லிப் பூரிச்சுப் போறாங்க, அந்தப் பொண்ணு காதுல மட்டும் போட்டுடாதீங்கன்னு!"