குழலைக் குறைக்க நினைத்த கரடி

ஒரு விடுகதை, வெண்மதி. வீட்டில் வைத்திருக்கலாம். வெடித்தால்கூட ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சாண் அறுத்தால் மட்டும் சிறை. அது என்ன? தெரியவில்லையா? அப்படியானால் கதையைக் கேள்.

ஒரு காட்டில் ஒரு கரடி தினை விதைத்திருந்தது. அறுவடைக்கு இன்னும் பதினைந்து நாள். அதற்குள் காட்டுப்பன்றிகள் பாதிக் கொல்லையைத் தின்றுவிட்டன. மீதியும் போனால் மழைக்காலம் முழுக்கப் பட்டினி.

கரடியிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. ஆனால் குழல் மிக நீளம். தூக்கினால் முனை தரையைப் பார்க்கும். அதுவரை கரடி சுட்டதெல்லாம் தன் தினையைத்தான்.

"துப்பாக்கிமேல தப்பில்ல. என் கைதான் குட்டை" என்று கரடியே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தது.

வீட்டில் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு இருந்தது. அரை மணி வேலை. ஆனால் தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே கழுகு ஏட்டு டேப் வைத்துக் குழலை அளக்கும். பதிவேட்டில் உள்ளதைவிடக் குறைந்தால் வழக்கு, உரிமமும் போய்விடும். ஆகவே குழலைக் குறைக்க அனுமதி கேட்டுக் கரடி உரிம அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது.

குழலைக் குறைத்துவிட்டதாக மரங்கொத்தி ஆசாரியிடம் சான்று வாங்கி வந்தால்தான் அனுமதி தர முடியும் என்றது நரி எழுத்தர். அனுமதித் தாளைப் பார்க்காமல் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றது மரங்கொத்தி. கரடி ஏழு நாள் இருவருக்கும் நடுவே நடந்தது. தினை கால்வாசி ஆனது.

"ஐயா, வேற வழியே இல்லீங்களா?"

நரி விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "துப்பாக்கிய மாத்தத்தான் அனுமதி வேணும். முனையைத் தாங்க ஒரு ஆள் வச்சுக்க. அதுக்கு விதி எதுவும் இல்ல."

மானும் முயலும் மறுத்துவிட்டன. வருகிறேன் என்று சொன்னது ஒரு காட்டுப்பன்றி மட்டும்தான்.

அன்று முதல் மாலைதோறும் பன்றி முனையை முதுகில் தாங்கி நின்றது. அது காட்டிய திசையில்தான் கரடி குறிபார்க்க முடிந்தது.

"தம்பி, பின்னால ஏதோ மெல்லுற சத்தம் கேக்குதே."

"காத்துண்ணே. நீங்க முன்னால பாருங்க."

வழக்கமாக நான் சொல்லும் கதைகளில் இந்த இடத்தில் நேர்மைக்கு உதவ ஒரு தேவதையை அனுப்பிவைப்பேன். முப்பது வருடமாக அனுப்புகிறேன். இந்தக் கொல்லைக்கு அது வழி கேட்டுக்கூட வரவில்லை.

தேர்தல் வந்தது. கழுகு அளந்து பார்த்தது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுத்தது. கரடி அதைக் காலியான தினைக்குதிரில் மாட்டிவைத்தது. மாட்ட நிறைய இடம் இருந்தது.

நீதி: சட்டப்படி நட. தினை போனாலும் குழல் குறையாது.

பெரியவளானால் கரடி மாதிரி இருப்பாயா, நரி மாதிரி இருப்பாயா என்று வெண்மதியைக் கேட்டேன். பன்றி என்றாள்.